பிறப்பதற்கு முன்பே மணமானவள்

அரசாங்கத்தின் ஏடு பொய் பேசாது என்பார்கள். அந்த ஏட்டின்படி என் பூட்டி பிறந்தது 1931ஆம் ஆண்டு. அவள் கழுத்திலே தாலி ஏறியதோ 1930ஆம் ஆண்டு, மாசித் திங்களில்! பிறப்பதற்கு ஓராண்டு முன்பே மணமாகிவிட்ட மங்கை எவரையேனும் கண்டதுண்டா தோழர்களே? புராணங்களைப் புரட்டினால் கிடைக்கலாம். அங்கே எதுவும் நடக்கும். ஆனால் புராணத்தில் அல்ல, தருமபுரி மாவட்டத்திலே, பாப்பாரப்பட்டிக்கு அருகே ஒரு சிற்றூரிலே, களி கிண்டி, களை பறித்து, கூலிக்குக் கல் சுமந்து அவள் வாழ்ந்தாள். 2018ஆம் ஆண்டு தைத் திங்களில் மறைந்தாள். என் தாயைப் பெற்றவளைப் பெற்றவள் அவள். ஊருக்கெல்லாம் ஆயா, எனக்கும் ஆயா.

இறப்புச் சான்றிதழ் வாங்கப் போனவள் நான்தான். வயது என்ன என்று கேட்டார்கள். தொண்ணூற்று நான்கு முடிந்து தொண்ணூற்றைந்து நடக்கிறது என்றேன். சான்று எங்கே என்றார்கள். ஆதார் அட்டையை நீட்டினேன். பிறந்த ஆண்டு 1931 என்று அதில் இருந்தது. வாக்காளர் அட்டையில் வேறொரு வயது. குடும்ப அட்டையில் மற்றொரு வயது. மூன்று அட்டைகள், மூன்று வயது, ஒரே கிழவி! எழுதியவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. முகத்தைப் பார்த்தார்கள், சுருக்கங்களை எண்ணினார்கள், ஒரு தொகையைப் போட்டார்கள். ஆதாருக்குப் பதிவு செய்ய வந்த பையன் பிறந்த தேதி கேட்டபோது, "காவேரிக்கு அணை கட்டுறப்ப எனக்குக் கல்யாணம் முடிஞ்சிருந்துச்சு சாமி" என்றாளாம். அந்த இளைஞனுக்கு அணை கட்டிய ஆண்டு தெரியவில்லை. அவளுக்குத் தன் ஆண்டு தெரியவில்லை. எப்படியோ 1931 என்று முடிந்தது. என் பூட்டியின் எட்டு ஆண்டுகள் அந்த மேசையிலே காணாமற்போயின.

அந்த எட்டு ஆண்டுகளைத் தேடியெடுப்பதற்குத்தான் இதை எழுதுகிறேன். கிழவியின் வயதிலே என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். அந்த எட்டு ஆண்டுகளுக்குள்ளேதான் அவளது குழந்தைப் பருவம் முழுவதும் இருந்தது!

கல்லூரியில் நான் வரலாறு பயின்றவள். கல்வெட்டையும் காசையும் ஒப்பிட்டு மன்னனின் காலத்தைக் கணிப்பது எப்படி என்று எங்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். அந்த வித்தையை நான் மன்னன் எவன் மீதும் செலுத்தவில்லை. என் பூட்டியின் மீது செலுத்தினேன். அவளுடைய தாய் அவளுக்குச் சொல்லிவைத்த அடையாளங்கள் இரண்டு. ஒன்று, வடக்கிலிருந்து பெரிய தலைவர் ஒருவர் வந்து கோயிலுக்குக் கல் நட்ட ஆண்டில் அவள் பிறந்தாள். இரண்டு, பாப்பாரப்பட்டியில் சாமியார் செத்தபோது அவள் வீட்டு வாசலைத் தாண்டித் தனியே ஓடப் பழகியிருந்தாள்.

சாமியார் யார்? விடுதலைப் போராட்ட வீரர் சுப்பிரமணிய சிவா. சிறையிலே தொழுநோய் பற்றி, இரயிலில் ஏறக்கூடாது என்று அன்றைய ஆட்சியினர் தடுத்தபோது, புண்பட்ட கால்களோடு ஊர் ஊராக நடந்தே சென்று பேசியவர். பாப்பாரப்பட்டியிலே பாரத மாதாவுக்கு ஒரு கோயில் எழுப்ப வேண்டுமென்று விரும்பினார். 1923ஆம் ஆண்டு சித்தரஞ்சன் தாஸ் வந்து அதற்கு அடிக்கல் நாட்டினார். 1925 ஜூலை 23ஆம் நாள் சிவா அங்கேயே மறைந்தார். 1923இல் பிறந்து, 1925இல் ஓடப் பழகிய குழந்தை. இரண்டு அடையாளமும் பொருந்தின. என் பூட்டிக்குப் பிறந்த ஆண்டு கிடைத்துவிட்டது!

அந்த வீரரின் தியாகத்திற்கு என் வணக்கம். ஆயினும் ஒன்றை எண்ணிப் பார்க்கிறேன். பாரத மாதாவுக்குக் கோயில் கட்டக் கல் நட்ட ஊரின் அருகே, அதே ஆண்டில், பாரதத்தின் மகள் ஒருத்தி பிறந்தாள். மாதாவின் கோயிலுக்குக் கல் நட்ட நாள் ஏட்டில் இருக்கிறது. மகள் பிறந்த நாளை எழுதுவாரில்லை.

இனி அந்த மணத்தின் கதை. கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது சாரதா சட்டம் பாடத்தில் வந்தது. ஹர் பிலாஸ் சாரதா என்பவர் கொண்டுவந்த குழந்தை மணத் தடுப்புச் சட்டம். பெண்ணுக்குப் பதினான்கு, ஆணுக்குப் பதினெட்டு நிரம்பாமல் மணம் செய்விப்பது குற்றம். 1929 செப்டம்பரில் நிறைவேறியது. 1930 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. தேர்வுக்கு மனப்பாடம் செய்துகொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். ஆயா சுவரில் சாய்ந்து கொள்ளு புடைத்துக்கொண்டிருந்தாள். என்ன படிக்கிறாய் என்றாள். சொன்னேன். முறத்தைக் கீழே வைத்தாள்.

"அந்தச் சட்டமா கண்ணு? சித்திரை பொறந்தா செயிலுன்னு சொன்னாங்களே, அதுவா? அதுக்குப் பயந்துதானே எனக்குத் தாலி கட்டுனாங்க! எங்க தெருவுல மட்டும் அந்த மாசி மாசம் அஞ்சு கல்யாணம். மேளம் கெடைக்கல. ஒரே மேளம் ஊடு ஊடா ஓடுச்சு."

"உனக்கு அப்போ என்ன வயசு ஆயா?"

"பல்லு விழுந்து மொளைக்கிற வயசு. எனக்கு ஒரே தூக்கம். எங்க மாமன் தோள்ல சாஞ்சு தூங்கிப் போனேன். முழிச்சுப் பாத்தா கழுத்துல கயிறு. அரிக்குதுன்னு அழுதேன்."

அந்த மாமன்தான் மணமகன். தாயின் தம்பி, இருபது வயது இளைஞன். மணமகளுக்கு ஏழாவது வயது நடந்துகொண்டிருந்தது.

கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்தேன். செப்டம்பரிலே சட்டம், ஏப்ரலிலே நடைமுறை. இடையிலே ஆறு திங்கள். அந்த ஆறு திங்களில் என்ன நடந்தது என்பதைப் பின்னர் தேடிப் படித்தேன். நாடு முழுவதும், கதவு சாத்துமுன் நுழைந்துவிட வேண்டுமென்று முண்டியடிக்கும் கூட்டம்போல, பெற்றோர் தம் பிள்ளைகளை மணவறைக்கு இழுத்துச் சென்றிருக்கிறார்கள். தொட்டில் பிள்ளைக்கும் தாலி! பதினைந்து வயதுக்குட்பட்ட மனைவியர் 1921இல் ஏறத்தாழ 85 லட்சம் பேர். 1931 கணக்கெடுப்பிலோ 120 லட்சத்துக்கும் மேல். குழந்தை மணத்தைக் குறைக்க வந்த சட்டம், வருவதற்கு முன்பே அதைப் பெருக்கிவிட்டது. அந்த லட்சங்களிலே ஒருத்தி, முறமும் கையுமாய் என் எதிரே உட்கார்ந்திருந்தாள்.

சட்டம் தீயதா? இல்லை தோழர்களே, இல்லை. அதைக் கொண்டுவரப் பாடுபட்டவர்களின் பெயரைப் பொன்னெழுத்தால் பொறிக்கலாம். சென்னைச் சட்டமன்றத்திலே 1928ஆம் ஆண்டு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெண்ணின் மண வயதை உயர்த்த வேண்டுமென்று வாதாடினார். 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டிலே கூடிய சுயமரியாதை மாநாடு, பெண்ணின் மண வயது பதினாறுக்கு மேல் இருக்க வேண்டும் என்றது. சொத்திலே ஆணுக்கு நிகரான உரிமை வேண்டும் என்றது. தொடக்கப்பள்ளி ஆசிரியர் வேலைக்குப் பெண்களை அமர்த்த வேண்டும் என்றது. மதம் போயிற்று, மனு போயிற்று என்று மறுபுறத்திலே கூக்குரல் எழுந்தது. அந்தக் கூக்குரலையும் மீறித்தான் சட்டம் வந்தது.

வந்தது, டில்லிக்கு வந்தது, சென்னைக்கு வந்தது. எங்கள் தெருவுக்கு வந்ததா? சட்டம் வரவில்லை, சட்டத்தைப் பற்றிய வதந்தி வந்தது. "சித்திரை பிறந்தால் சிறை" என்ற அச்சம் வந்தது. ஏன் இந்தச் சட்டம், எதற்காகப் பதினான்கு வயது, சிறு பெண்ணின் உடம்பு பிள்ளைப்பேற்றை எப்படித் தாங்கும் என்று விளக்க ஓர் ஆள் வரவில்லை. அறிவு நடந்து வருவதற்குள் அச்சம் குதிரையேறி வந்துவிட்டது.

வந்த சட்டத்துக்கும் கால் ஊனம். குழந்தை மணம் நடந்தால் யாரேனும் ஓராண்டுக்குள் நீதிமன்றம் சென்று முறையிட வேண்டும். முறையிடுபவர் நூறு ரூபாய்க்குப் பிணை எழுதிக்கொடுக்க வேண்டும். அணாக் கணக்கிலே கூலி வாங்கிய மக்கள் வாழும் ஊரிலே, அடுத்த வீட்டுக் குழந்தைக்காக நூறு ரூபாய்க்குப் பிணை நிற்பவர் யார்? முறையீடு இல்லை, வழக்கு இல்லை, தண்டனை இல்லை. சித்திரை பிறந்தது. சிறை திறக்கவில்லை. அடுத்த மாசியிலும் மேளம் ஒலித்தது என்றாள் ஆயா.

மாமன் மேட்டூருக்குக் கல் சுமக்கப் போனான். 1925இல் தொடங்கிய அந்த அணை 1934இல் முடிந்தது. அணை நிரம்பியபோது ஆயாவுக்குப் பதினொரு வயது. தஞ்சைக்குத் தண்ணீர் தேக்கக் கல் சுமந்தவனின் வீட்டிலே குடிக்கும் நீருக்கு இரண்டு கல் தொலைவு நடை. பதின்மூன்றாம் வயதில் புருஷன் வீடு. பதினைந்தாம் வயதில் முதற்பிள்ளை; மூன்றாம் நாள் மண்ணுக்குப் போனது. எட்டுப் பிள்ளைகள் பெற்றாள், நான்கு தங்கின. "பெத்த வலி எட்டுக்கும் ஒண்ணுதான் கண்ணு" என்பாள். அதற்கு மேல் அதைப் பற்றி அவள் பேசி நான் கேட்டதில்லை.

அவள் வாயாரப் பேசியது வேறொரு நாளைப் பற்றி. 1952 ஜனவரி, முதல் பொதுத்தேர்தல். இருபத்தொரு வயது நிரம்பிய ஆண், பெண் அனைவருக்கும் வாக்கு. படித்தவன், படிக்காதவன், நிலமுள்ளவன், நிலமற்றவன் என்ற பேதமில்லை. இரட்டை மாட்டு வண்டியில் பெண்களை ஏற்றிச் சென்றார்களாம். சாவடியிலே எழுத்தர் ஏட்டைப் பார்த்து அவள் பெயரை உரக்கப் படித்தார். "என் பேரை ஒருத்தர் காயிதத்துல பாத்துப் படிச்சது அன்னிக்குத்தான். நான்தான் அதுன்னு சொல்ல வாய் வரல. கையைத் தூக்கினேன்" என்று சொல்லிச் சிரிப்பாள். அந்தத் தேர்தலிலே ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு பெட்டி. பெட்டியின் மேலே சின்னம். எழுத்தறியாதவளும் தான் விரும்பிய பெட்டியில் சீட்டைப் போட்டுவிட்டு வரலாம்.

எண்ணிப் பாருங்கள்! அந்த உரிமை மட்டும் எப்படி எங்கள் தெருவரை வந்தது? தானாக வந்ததா? பெயர் எழுத ஆள் வந்தான். பெட்டியைச் சுமந்து ஆள் வந்தான். அழைத்துச் செல்ல வண்டி வந்தது. படிக்கத் தெரியாதவளுக்கும் புரியும்படி சின்னம் வந்தது. சுமந்துகொண்டு வந்தார்கள், ஆகவே வந்து சேர்ந்தது.

சுமந்து வர ஆளில்லாத சட்டம் என்னாயிற்று என்பதற்கும் அவள் வாழ்வே சான்று. 1953இல் காய்ச்சல் கண்டு கணவன் இறந்தான். அவளுக்கு முப்பது வயது. ஒன்றரை ஏக்கர் மானாவாரி நிலம். மழை பெய்தால் கேழ்வரகு, பொய்த்தால் வெறும் புழுதி. 1956இல் இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்தது. கைம்பெண்ணின் கையிலுள்ள சொத்து வெறும் வாழ்நாள் அனுபவம் அல்ல, அவளது முழு உரிமை என்று அது சொன்னது. அதற்கு அடுத்த ஆண்டு உறவினர் சிலர் முத்திரைத்தாளோடு வந்தார்கள். "பொம்பளைக்கு நிலம் எதுக்கு? நாங்க பாத்துக்கறோம்" என்றார்கள். கட்டைவிரலில் மை தடவினார்கள். கைநாட்டு விழுந்தது, நிலம் போயிற்று. சட்டம் அவள் பக்கம் நின்றது. அது அவளுக்குத் தெரியாது! பின்னாளில் அதை அவளிடம் விளக்கிச் சொன்னவளும் நான்தான். நெடுநேரம் பேசாமல் இருந்தாள். "அறுபது வருசம் கழிச்சுச் சொல்ற" என்றாள். என்னைக் குற்றம் சாட்டிச் சொன்னதல்ல. ஆனால் குற்றச்சாட்டாகவே இன்னும் என் காதில் ஒலிக்கிறது.

எங்கள் தருமபுரி அந்நாளில் தகடூர். ஆண்டவன் அதியமான். நெடுங்காலம் வாழவைக்கும் அரிய நெல்லிக்கனி அவனுக்குக் கிடைத்தது. தான் உண்ணாமல் ஔவைக்குக் கொடுத்தான் என்று பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறேன். கனி தின்றால் ஆயுள் நீளாது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லத் தவறுவதில்லை. ஆனால் அந்தக் கதையிலே ஓர் உண்மை இருக்கிறது. அவன் கொடுத்தது எவளுக்கு? எழுத்தறிந்தவளுக்கு, அரசவையிலே அஞ்சாது பேசியவளுக்கு. தன்னைவிட அவள் வாழ்வு நீள வேண்டும் என்று ஓர் அரசன் எண்ணும்படி ஒரு பெண் கல்வியிலே ஓங்கி நின்ற மண் இது. அதே மண்ணிலே நெல்லிக்கனி உண்ணாமலே தொண்ணூற்று நான்கு ஆண்டு வாழ்ந்தாள் என் பூட்டி. ஆயுள் இருந்தது, எழுத்து இல்லை. ஔவைக்குப் பாட்டு; என் ஆயாவுக்குக் கைநாட்டு.

அவளுக்குப் பின் வந்தவர்கள்? அவள் மகள், என் பாட்டி, 1959இல் மணமானவள். வயது பதினான்கு. அதற்குப் பத்தாண்டு முன்பே, 1949இல், சட்டம் பெண்ணின் வயதைப் பதினைந்தாக்கியிருந்தது. பாட்டியின் மகள், என் தாய், 1992இல் மணமானவள். வயது பதினேழு. 1978லேயே சட்டம் பதினெட்டாக்கியிருந்தது. ஏணியைப் பாருங்கள்! சட்டம் ஒவ்வொரு படியாக ஏறுகிறது. எங்கள் வீடு அதற்கு ஒரு படி கீழேயே நின்று ஏறுகிறது.

அந்த ஏணியிலே முதன்முதலாகச் சட்டத்தின் படியைத் தொட்டவள் என் சித்தி. எப்படி? 1989இல் தமிழக அரசு மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் திருமண உதவித் திட்டம் கொண்டுவந்தது. ஏழைப் பெண்ணின் மணத்துக்கு ஐயாயிரம் ரூபாய். பெண் படித்திருக்க வேண்டும். பதினெட்டு நிரம்பியிருக்க வேண்டும். சித்தியைப் படிக்க வைத்தது கல்விக் காதலால் அல்ல, அந்த ஐயாயிரத்துக்காக! நகைப்புக்கு இடமாகத் தோன்றும். எனக்கு நகைப்பு வரவில்லை. மணத்துக்காகப் படிக்க வைத்தார்கள். படித்தபின் மணத்துக்கு அவசரமில்லை என்று அவளே சொல்லிவிட்டாள். அதே அம்மையாரின் பெயரிலே 2022 முதல் மணத்துக்கு அல்ல, மேற்படிப்புக்கே மாதம் ஆயிரம் ரூபாய் வழங்கும் புதுமைப்பெண் திட்டம் வந்திருக்கிறது.

சித்திக்குப் பின் நான். இருபதைத் தாண்டிப் பட்டமும் பெற்று, பெண்களே ஆசிரியராக வேண்டும் என்று 1929இல் கேட்டவர்களின் கனவிலே ஒரு துளியாக, கையில் சுண்ணாம்புக்கட்டியோடு நிற்கிறேன். இந்த இடத்திலே கட்டுரையை முடித்துவிட்டால் அழகாக இருக்கும். ஆனால் அது நேர்மையாக இராது. என் குற்றத்தையும் நான் சொல்ல வேண்டும்.

ஆசிரியையாகச் சேர்ந்த முதல் ஆண்டு. என் வகுப்பிலே ஒரு பெண். பெயர் வேண்டாம், ஊர் வேண்டாம். கணக்கிலே கெட்டி. பொங்கல் விடுமுறைக்குப் பின் வரவில்லை. பாட்டி வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்றார்கள். நம்பினேன். இல்லை, நம்புவதாக நடித்தேன். பெற்றோர் பெங்களூரில் கட்டட வேலைக்குப் போனவர்கள். வயது வந்த பெண்ணைத் தனியே விட்டுவைக்க அஞ்சுபவர்கள். என்ன நடக்கப்போகிறது என்பது எனக்குத் தெரியும். புதியவள், வெளியூர்க்காரி, வம்பு எதற்கு என்று வாய்மூடியிருந்தேன். பங்குனியில் தெரிந்தது: மணம் முடிந்துவிட்டது. வயது பதினைந்து. வருகைப் பதிவேட்டிலே அவள் பெயருக்கு நேரே நான் நாள்தோறும் போட்டுவந்த "வரவில்லை" என்ற குறிகளை எண்ணினேன். ஒவ்வொன்றும் ஒரு கைநாட்டு. ஆயாவின் கைநாட்டிலாவது அறியாமை இருந்தது. என்னுடையதிலே அதுவும் இல்லை.

சாரதா சட்டத்தின் காலத்திலே நூறு ரூபாய்ப் பிணை என்ற சாக்கு இருந்தது. எனக்கு என்ன சாக்கு? 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குழந்தை மணம் பிணையில் வெளிவர இயலாத குற்றம். ஈராண்டு கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் தண்டமும் விதிக்கலாம். யார் வேண்டுமானாலும் முறையிடலாம். நடக்கவிருக்கும் மணத்தைத் தடுக்க நீதிமன்றம் ஆணையிடலாம். நடந்த மணத்தையும் அந்தக் குழந்தை வேண்டாமென்றால் நீக்கிக்கொள்ளலாம். 1098 என்ற எண்ணைச் சுழற்றக் காசும் வேண்டாம். நூறு ரூபாய் வேண்டியதில்லை; நாலு எண்களை அழுத்த ஒரு விரல் போதும். அந்த விரல் எனக்கு எழவில்லை!

மறு ஆண்டு இன்னொருத்தி. பத்தாம் வகுப்பு. வைகாசியில் மணம் என்று அவள் தோழி என் காதில் ஓதினாள். இம்முறை நான் அவள் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்தேன். சட்டத்தைச் சொன்னேன். தகப்பனார் பணிவாகவே பேசினார்: "கேட்டா பதினெட்டுன்னு சொல்லிக்கலாம் டீச்சர். வயசை யாரு பாக்கப் போறா?" அந்தச் சொல் என்னைச் சுட்டது. வயதை யாரும் பார்க்காத ஊரிலே வாழ்ந்தவளின் வழி வந்தவளல்லவா நான்! பள்ளிப் பதிவேட்டில் பிறந்த நாள் இருக்கிறது அண்ணா என்றேன். என் பூட்டியின் கதையைச் சொன்னேன். தோளிலே தூங்கியதை, கழுத்தில் கயிறு அரித்ததை, மூன்றாம் நாள் மண்ணுக்குப் போன பிள்ளையை. அந்த வீட்டுக் கிழவி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். தகப்பனார் அசையவில்லை. வெளியே வந்து 1098ஐ அழைத்தேன்.

அதிகாரிகள் வந்தார்கள்; எழுதி வாங்கினார்கள்; மணம் நின்றது. வெற்றி என்று முழக்கமிடலாமா? அந்தத் தகப்பனார் இன்று என்னைக் கண்டால் மறுபக்கம் நடக்கிறார். மணத்துக்காக வாங்கிய கடன் வட்டியோடு அவர் தலையில் நிற்கிறது. பத்தாம் வகுப்பை முடித்து மேல்வகுப்புக்கு வந்துவிட்ட அந்தப் பெண் சில நாள் சிரிக்கிறாள். சில நாள் என் கண்ணைப் பார்ப்பதில்லை. பதினெட்டு நிரம்ப இன்னும் ஓராண்டுக்கு மேல் இருக்கிறது. ஒவ்வொரு திங்கட்கிழமையும் பதிவேட்டைத் திறக்கும்போது அவள் பெயருக்கு முன்னால் என் பேனா ஒரு நொடி நிற்கிறது. "உள்ளேன் அம்மா" என்ற குரல் வந்த பிறகே மூச்சு வருகிறது.

2019-21இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது: இருபதுக்கும் இருபத்துநான்குக்கும் இடைப்பட்ட இந்தியப் பெண்களில் நூற்றுக்கு இருபத்துமூவர் பதினெட்டு நிரம்பாமல் மணமானவர்கள். தமிழகத்திலே நூற்றுக்குப் பன்னிருவருக்குச் சற்று மேல். நாம் முன்னே இருக்கிறோம், பெருமைதான். ஆனால் எட்டுப் பெண்களில் ஒருத்தி என்று அதையே மாற்றிச் சொல்லிப் பாருங்கள். என் வகுப்பில் நாற்பது பேர். ஐந்து பேருடைய பெயருக்கு முன்னால் என் பேனா நிற்க வேண்டும்.

தோழர்களே, நூற்றாண்டை எட்டிப்பார்த்த ஒருத்தியின் வாழ்விலிருந்து நான் கற்றது ஒன்றே ஒன்று. சட்டத்துக்குக் கால்கள் இல்லை. மாநாட்டுத் தீர்மானத்துக்கும் கால்கள் இல்லை. மேடையிலே முழங்கிய சொல் மேடையிலேயே நிற்கும். அச்சடித்த ஏடு அலமாரியிலேயே உறங்கும். யாரேனும் ஒருவர் அதைத் தூக்கிக்கொண்டு, அந்தக் குறுகிய தெருவுக்குள் நடந்து, அந்தத் திண்ணையில் உட்கார்ந்து, அந்தக் கிழவிக்கும் தகப்பனுக்கும் புரியும் மொழியிலே சொன்னாலொழிய அது அவர்களுக்கு இல்லை. நாம் போகாத தெருவுக்கு வதந்தி போய்விடும். நாம் பேசாத வீட்டிலே பஞ்சாங்கம் பேசும்.

உங்கள் வீட்டிலே முதியவள் ஒருத்தி இருப்பாளாயின் இன்று மாலை அவளருகே உட்காருங்கள். அவள் பிறந்த ஆண்டைக் கேளுங்கள், தெரியாது என்பாள். அணையைக் கேளுங்கள், பஞ்சத்தைக் கேளுங்கள், தேர்தலைக் கேளுங்கள். எண்ணி எடுங்கள். எடுத்ததை எழுதி வையுங்கள். பிறகு உங்கள் தெருவிலே பதினான்கு, பதினைந்து வயதில் இருக்கும் பெண்களின் வயதை எண்ணுங்கள். அதை எழுத வேண்டியதில்லை, எழுதித்தான் இருக்கிறது. எழுதப்பட்ட அந்த வயதைக் காக்கத்தான் ஆள் வேண்டும்.

என் ஆயாவின் இறப்புச் சான்றிதழ் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. அதில் 87 என்ற எண்ணை நான் திருத்த முடியாது. இந்தக் கட்டுரையில் திருத்திவிட்டேன்: பிறப்பு 1923, மணம் 1930, மறைவு 2018.